மூன்றாவது விசில்

எங்கள் வீட்டில் பருப்பு வேகும் நேரத்தை யாரும் கடிகாரத்தில் பார்த்ததில்லை. குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு அம்மா கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வார், வாசலுக்குப் போய் எதிர்வீட்டு அக்காவோடு பேசுவார், தொடரில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்றும் ஒரு நடை பார்த்துவிட்டு வருவார். நடுவில் ஒரு குரல் மட்டும் வரும். "எத்தனாவது விசில்டா அது?" "ரெண்டு." மூன்றாவது விசில் வந்ததும் எழுந்து போய் அணைப்பார். பருப்பு வேக எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் வந்ததில்லை.

அதே அடுப்பில் பாலை வைத்தால் கதை வேறு. பாலுக்கு விசில் கிடையாது. போன் அடிக்கும், எடுத்துப் பேசுவார், திரும்பி வந்தால் மேடையெல்லாம் பால். விசிலடிக்கும் பால் குக்கர் என்று ஒன்று கடைகளில் வந்தது சும்மா இல்லை.

எட்டு வருடங்களுக்கு முன் மாதச் சம்பள வேலையை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பும் சப்டைட்டிலுமாக வீட்டிலேயே உட்கார்ந்தேன். முதல் வருடம் முழுக்க என் வேலை பால்தான். பருப்பாக இருந்ததே இல்லை. அனுப்ப வேண்டிய கோப்பு நினைவில் இருக்கும், ஆனால் அனுப்ப வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வராது. மூன்று மாதம் கழித்து, "பில் அனுப்பவே இல்லையே சார்" என்று வாடிக்கையாளரே கேட்ட கூத்தும் உண்டு. அப்பா ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்: "மனசு வைக்கணும்." வைத்துப் பார்த்தேன். வைத்த இடம் மறந்துபோனது.

நேற்று நடந்ததை இன்று நினைத்துப் பார்ப்பது ஒரு நினைவு. நாளை செய்ய வேண்டியது நாளைக்குச் சரியான நேரத்தில் நினைவுக்கு வருவது வேறொரு நினைவு. இந்த இரண்டாவதை உளவியலாளர்கள் ப்ராஸ்பெக்டிவ் மெமரி என்கிறார்கள். எதிர்நோக்கு நினைவு என்று வைத்துக்கொள்வோம். 1990இல் கில்ஸ் ஐன்ஸ்டைனும் (அந்த ஐன்ஸ்டைன் இல்லை) மார்க் மக்டேனியலும் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, நிகழ்ச்சியைச் சார்ந்தது: தபால் பெட்டியைப் பார்த்ததும் கடிதத்தைப் போடுவது. மற்றது, நேரத்தைச் சார்ந்தது: நாலு மணிக்கு மாத்திரை சாப்பிடுவது. முதல் வகையில் வெளியே இருக்கும் ஒரு பொருளோ சத்தமோ நம்மைத் தட்டி எழுப்புகிறது. இரண்டாவதில் தட்ட ஆளில்லை. செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு மனசு தானாகவே அடிக்கடி தலையைத் தூக்கி, "மணி என்ன?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படித் தலையைத் தூக்கிப் பார்ப்பது எவ்வளவு நுட்பமான காரியம் என்பதற்கு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் சிசியும் யூரி ப்ரான்ஃபென்ப்ரென்னரும் 1985இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. பத்து வயது, பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் ஓவனில் வேகும் கப்கேக்கை அரை மணி நேரம் கழித்து வெளியே எடுக்கச் சொன்னார்கள். காத்திருக்கும்போது வீடியோ கேம் ஆடலாம். சொந்த வீட்டில் இருந்த பிள்ளைகள் ஆரம்பத்தில் கடிகாரத்தை அடிக்கடி பார்த்தார்கள், நடுவில் மறந்தவர்கள்போல ஆட்டத்தில் மூழ்கினார்கள், முடியும் தறுவாயில் மறுபடி அடிக்கடி பார்த்தார்கள். முதலில் பார்த்தது உள்ளே ஓடும் மனக்கடிகாரத்தை வெளிக்கடிகாரத்தோடு ஒத்துப்பார்க்க. ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் நடுவில் நிம்மதி. பழக்கமில்லாத ஆய்வுக்கூடத்தில் இருந்த பிள்ளைகளுக்கு இந்தச் சாமர்த்தியம் அவ்வளவாகக் கைகூடவில்லை. அரை மணிக்கே இந்தப் பாடு. சொந்தத் தொழில் செய்பவருக்கோ ஒரே சமயத்தில் ஏழெட்டு ஓவன்கள் எரிகின்றன. ஒன்றுக்கு அரை மணி, ஒன்றுக்கு ஆறு வாரம், வருமான வரி என்ற ஒன்றுக்கு மார்ச் 15.

இதற்கும் கெட்டிக்காரத்தனத்துக்கும் சம்பந்தம் குறைவு என்பதுதான் எனக்கு ஆறுதல். லண்டனில் டிம் ஷாலிஸும் பால் பர்கஸும் 1991இல் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். தலையில் அடிபட்டு மூளையின் முன்மடல் சேதமானவர்கள். அறிவுத்திறன் சோதனைகளில் மூவரும் நன்றாகவே செய்தார்கள். ஆனால் கடைத்தெருவுக்கு அனுப்பி, இந்தப் பொருளை வாங்கு, அந்தத் தகவலைக் கேட்டு வா, இத்தனை மணிக்கு இந்த இடத்தில் நில் என்று நாலைந்து சில்லறை வேலைகளைச் சேர்த்துக் கொடுத்தபோது தடுமாறிப்போனார்கள். ஒவ்வொரு வேலையும் தனித்தனியே எளிதுதான். எப்போது எதற்குத் தாவ வேண்டும் என்பதை யாரும் சொல்லாத இடத்தில்தான் கோளாறு. அடிபடாத மண்டையோடே எனக்குத் தினமும் காலை பத்து மணிக்குக் கடைத்தெரு அப்படித்தான் இருக்கிறது.

அலுவலகத்தில் இருந்தபோது நான் ஒழுங்காக இருந்தேனே, அது எப்படி? யோசித்தால், அங்கே நான் ஒழுங்காக இல்லை. விசில்கள் ஒழுங்காக இருந்தன. பதினோரு மணிக்கு டீ அண்ணன் வருவார். பக்கத்து மேசைக்காரர் டிபன் பாக்ஸைத் திறந்தால் மணி ஒன்று. மேலாளரின் நாற்காலி சக்கரம் கிரீச்சிட்டால் அறிக்கையை எடுத்து மேலே வைக்க வேண்டும். கோவையிலும் மதுரையிலும் ஒரு காலத்தில் பஞ்சாலைச் சங்கு ஊதினால் ஆலைக்குப் போகாத வீட்டிலும் உலை ஏறும். வேலையை விட்டபோது இந்தச் சங்குகள் எல்லாவற்றையும் சேர்த்தே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அது புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது.

சங்கு வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்ஸன் 1967இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஆலைகளுக்கு முந்தைய இங்கிலாந்தில் வீட்டிலேயே தறி போட்டவர்கள் வாரத் தொடக்கத்தைச் சோம்பலில் கழித்து, வாரக் கடைசியில் ராப்பகலாக நெய்து தள்ளினார்கள். வேலை செய்யாத திங்களுக்குப் 'புனிதத் திங்கள்' என்றே கேலியாகப் பெயர். எனக்கு அந்தத் தறிக்காரர்கள் உறவினர்களாகத் தோன்றுகிறார்கள். நேரத்தைக் காரியத்தால் அளந்த சமூகங்களையும் தாம்ஸன் சொல்கிறார்: மடகாஸ்கரில் அரை மணி என்பது ஒரு சோறு வேகும் நேரம், ஒரு கணம் என்பது ஒரு வெட்டுக்கிளி வறுபடும் நேரம். நம் தொல்காப்பியமும் எழுத்தின் மாத்திரையைக் கண்ணிமைப்பதையும் விரல் நொடிப்பதையும் கொண்டுதானே அளக்கிறது? அம்மாவின் மூன்று விசில் இந்த மரபுதான். நேரக் கணக்கை நிகழ்ச்சிக் கணக்காக மாற்றிவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடுகிறது.

இதைத் தமிழ் விகுதிகளிலேயே பார்க்கலாம். என் பழைய குறிப்பேட்டைப் புரட்டினால் பக்கம் பக்கமாக '-ணும்'. பில் அனுப்பணும். ஆடிட்டருக்குப் பேசணும். நடக்கணும். அம்மா பேசுவதோ '-ததும்'. விசில் வந்ததும் அணை. வெயில் இறங்கினதும் வடாமை எடு. ஆசையைச் சொல்வது முதலாவது. எங்கே, எப்போது பிடித்துக்கொள்வது என்ற கொக்கி இரண்டாவதில்தான் இருக்கிறது.

ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டது இந்தக் கொக்கியைத்தான். வெரோனிகா பிராண்ட்ஷ்டேட்டருடன் அவர் 1997இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு ஒரு விடுமுறை வேலை கொடுத்தார்கள்: கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும். பண்டிகை வீட்டில் யார் எழுதுவார்கள்? சும்மா சரி என்று தலையாட்டிவிட்டுப் போனவர்களில் மூன்றில் ஒரு பங்குதான் அனுப்பியது. எந்த இடத்தில், எப்போது உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்கூட்டியே குறித்துக் கொடுத்தவர்களில் நான்கில் மூன்று பங்கு அனுப்பிவிட்டது. மனசு வைத்ததில் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2006இல் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இந்தச் சின்ன வித்தை கணிசமாகவே வேலை செய்தது. கொக்கியை மாட்டியபிறகு அந்தச் சூழ்நிலை கண்ணில் பட்டாலே கை தானாகப் போய்விடுகிறது, மறுபடி ஒரு தீர்மானம் எடுக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் விளக்கம்.

எதில் மாட்டுவது என்பதில்தான் விளையாட்டு ஆரம்பிக்கிறது.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஓர் அக்கா தையல்கடை வைத்திருக்கிறார். தீபாவளிக்கு முந்தைய மாதம் அலமாரி முழுக்க ஜாக்கெட் துணிகள், ஒவ்வொன்றோடும் ஓர் அளவு ஜாக்கெட், துண்டுச் சீட்டு. அந்தக் குவியலில் ஒரு மூட்டையின் மேல் மட்டும் ரப்பர் பல்லி ஒன்று உட்கார்ந்திருந்தது. பையன் விளையாடுவது. திடுக்கிட்டுக் கேட்டேன்.

"என்னக்கா இது?"

"அது கல்யாண வீட்டு உருப்படி தம்பி. நாளைக்குக் காலைல குடுத்தாகணும். அலமாரில கைய விட்டா மொதல்ல அதுதான் தட்டுப்படும். எனக்கே ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போடுது."

"எல்லா அவசர வேலைக்கும் பல்லி வைக்கலாமே?"

"அப்புறம் அது பல்லியா? வெறும் ரப்பரு."

அந்தக் கடைசி பதிலில் இரண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகள் அடங்கியிருக்கின்றன. 1933இல் பெர்லினில் ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் காட்டியது ஒன்று: ஒரே மாதிரியானவற்றின் நடுவே வேறாக நிற்கும் ஒன்று நினைவில் ஆழமாகப் பதிகிறது, எல்லாமே வேறாக இருந்தால் எதுவும் நிற்காது. மற்றது டாட் ராஜர்ஸ், காதரின் மில்க்மன் இருவரும் 2016இல் வெளியிட்டது. அமெரிக்காவில் ஒரு காஃபிக் கடையில் 500 பேருக்குத் தள்ளுபடிச் சீட்டு கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து வரும் வியாழக்கிழமை மட்டும்தான் செல்லும். பாதிப் பேரிடம், 'டாய் ஸ்டோரி' படத்தில் வரும் மூன்று கண் பச்சை வேற்றுக்கிரகவாசி பொம்மை அன்று கல்லாப்பெட்டி அருகில் உட்கார்ந்திருக்கும், அதைப் பார்த்ததும் சீட்டை எடுங்கள் என்று சொல்லி வைத்தார்கள். வெறும் சீட்டு வாங்கியவர்களில் 17 சதவீதம் பேர் பயன்படுத்தினார்கள். பொம்மையைப் பற்றி அறிந்தவர்களில் 24. இன்னோர் ஆய்வில், பங்கேற்றவர்கள் அதற்கான கூலி வாங்கும் இடத்தில் காகிதக் கிளிப் ஒன்றை எடுத்தால் ஏழைகளுக்கு உணவளிக்கும் அமைப்புக்கு நன்கொடை போகும் என்று அறிவித்தார்கள். எடுக்க மறக்காதவர்கள் 42 சதவீதம். கிளிப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி யானைப் பொம்மை இருக்கும் என்று கூடுதலாகக் கேள்விப்பட்டவர்களில் 74.

யானை என்றதும் நம் கடைகளின் கல்லாவுக்கு மேல் இருக்கும் பிள்ளையார் நினைவுக்கு வருவார். ஆனால் அவர் தினமும் அங்கேயே இருப்பவர். அவரைப் பார்த்து எதுவும் நினைவுக்கு வராது, கை மட்டும் தானாகக் கும்பிடும். புதுக் கட்டடத்தில் கட்டும் திருஷ்டி பொம்மையும் அப்படித்தான். முதல் வாரம் நாக்கும் கோரைப்பல்லுமாகக் கண்ணை இழுக்கிறது, மூன்றாவது வாரம் அது சாரத்தில் ஒரு பகுதி. திரும்பத் திரும்ப வரும், ஆனால் எந்தப் பின்விளைவும் இல்லாத தூண்டலுக்கு நரம்புகள் பதில் சொல்வதைக் குறைத்துக்கொள்கின்றன. போன் அறிவிப்புகளை நாம் பார்க்காமலே தள்ளிவிடுவது இதனால்தான். நல்ல நினைவூட்டி நாம் நடக்கும் வழியிலேயே இருக்க வேண்டும், கொஞ்சம் கோமாளித்தனமாக இருக்க வேண்டும், பழசானதும் வேலையை விட்டுப் போய்விட வேண்டும். நிரந்தரப் பணி கொடுத்தால் கெட்டது.

என் காக்காய் அப்படித்தான் போனது. பில் அனுப்ப மறக்கும் வியாதிக்கு நான் கண்டுபிடித்த மருந்து அது. எங்கள் வீட்டில் சாதம் வடித்ததும் முதல் பிடி காக்காய்க்கு. மாடிச் சுவரில் வைத்ததும் அது "கா... கா..." என்று கூட்டத்தைக் கூப்பிடும். அந்தச் சத்தத்தை மனசுக்குள் "கா... காசு" என்று நீட்டிவிட்டேன். காக்காய் கரைந்தால் விருந்தாளி வருவார் என்பது ஊர் நம்பிக்கை. கரைந்ததும் முடித்த வேலைகளுக்கெல்லாம் பில் போக வேண்டும் என்பது என் ஏற்பாடு. நாலு மாதம் அட்டகாசமாக நடந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட கணக்குப்பிள்ளை சுவரில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்து என்னை முறைப்பதாகவே தோன்றும். பிறகு ஒரு நாள் அது வெறும் காக்காய் ஆகிவிட்டது. இப்போது கால்குலேட்டரைக் காஃபித்தூள் டப்பாவுக்குள் வைக்கிறேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

நினைவு வந்தும் கை வராத நாட்கள் உண்டே? அதற்கு நான்கு வயதுப் பிள்ளைகளிடம் பாடம் கேட்கலாம். ரேச்சல் ஒயிட் தலைமையில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு அது. நாலு வயதும் ஆறு வயதுமாக 180 குழந்தைகள். பத்து நிமிடம் ஒரு சலிப்பூட்டும் வேலை: கணினித் திரையில் குறிப்பிட்ட படம் வந்தால் பொத்தானை அழுத்து, வேறு படம் வந்தால் அழுத்தாதே. பக்கத்திலேயே விளையாட்டு ஓடும் ஐபேட். வேண்டுமானால் அதற்குப் போகலாம். ஒரு குழுவினர் நடுநடுவே, "நான் நன்றாக வேலை செய்கிறேனா?" என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொரு குழுவினர் தங்கள் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். மூன்றாவது குழு பேட்மேனாகவோ டோராவாகவோ வேடமிட்டுக்கொண்டு, "பேட்மேன் நன்றாக வேலை செய்கிறாரா?" என்று கேட்க வேண்டும். குழந்தைகள் மொத்தத்தில் ஐபேடில்தான் அதிக நேரம் போக்கினார்கள், அதை மறைப்பானேன். ஆனால் வேலையில் அதிகம் தாக்குப்பிடித்தவர்கள் பேட்மேன்கள். அடுத்து, தன் பெயரைச் சொன்னவர்கள். 'நான்' கடைசி. ஆசையிலிருந்து ஓர் அடி தள்ளி நின்று தன்னை வேறொருவராகப் பார்ப்பதில்தான் பலம் என்பது விளக்கம்.

பெரியவர்களுக்கும் தன்னைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசுவது பதற்றத்தைக் குறைக்கிறது என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் காட்டியிருக்கிறார். நான் பேட்மேன் வரை போகவில்லை. மனசுக்குள் ஒரு மேனேஜரை நியமித்திருக்கிறேன்; கையில்லா பனியன், தோளில் துண்டு, எங்கள் ஊர் அரிசி மண்டிக் கணக்கர் சாயல். யூடியூபைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "என்ன தம்பி, மூட்டை இறங்கலையா?" என்பார். சம்பளம் இல்லாத ஆள், ஆனால் கண்டிப்பானவர்.

கோப்பை அனுப்புமுன் நான் விரலை நீட்டி வாய்விட்டுச் சொல்வதையும் வீட்டில் கேலி செய்கிறார்கள். "பேர் சரி. தேதி சரி. கோப்பு சேத்தாச்சு." இதை ஜப்பான் ரயில்வேயிடம் எடுத்துக்கொண்டேன். சிக்னலைக் கையால் சுட்டிக்காட்டி நிறத்தை உரக்கச் சொல்வது அங்கே கட்டாயம். எளிய பணிகளில் பிழைகள் கிட்டத்தட்ட 85 சதவீதம் குறைந்ததாக அந்நாட்டு ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் சோதனை சொன்னது. நம் ரயில் எஞ்சினிலும் ஓட்டுநரும் உதவியாளரும் சிக்னல் நிலையை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்கிறார்கள். கண் பார்த்ததைக் கையும் வாயும் காதும் சேர்ந்து சரிபார்க்கின்றன.

ஆரம்பிக்கும் மணியைப் பற்றியே இவ்வளவு பேசிவிட்டேன். தொடங்க நமக்குப் பிள்ளையார் சுழி இருக்கிறது. நடுவில் இளைப்பாற, 1980களின் கடைசியில் இத்தாலிய மாணவர் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ தக்காளி வடிவச் சமையலறை டைமரில் 25 நிமிடம் வைத்துப் படித்த முறை உலகமெங்கும் பரவியிருக்கிறது. நம் நாழிகை 24 நிமிடம், ஒரு நிமிடம்தான் குறைகிறது. முடிக்கும் மணிதான் சிக்கல். சம்பளக்காரருக்கு ஆறு மணிக்கு விளக்கை அணைக்க ஆள் உண்டு.

காலின் கேமரர், லிண்டா பாப்காக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், ரிச்சர்டு தேலர் நால்வரும் 1997இல் நியூயார்க் டாக்சி ஓட்டுநர்களைப் பற்றி எழுதினார்கள். பலர் மனசில் ஒரு தொகை வைத்திருந்ததாகத் தோன்றியது: இன்றைக்கு இவ்வளவு வந்ததும் வீட்டுக்கு. கேட்க அழகான '-ததும்'. ஆனால் அதன் விளைவு, சவாரி குவியும் நாளில் சீக்கிரம் தொகை சேர்ந்து கிளம்பிவிடுவார்கள், ஈயடிக்கும் நாளில் நெடுநேரம் சுற்றுவார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர். பின்னாளில் ஹென்றி ஃபார்பர் மிகப் பெரிய தரவை வைத்துப் பார்த்து, பெரும்பாலான ஓட்டுநர்கள் வருமானம் நன்றாக இருக்கும்போது கூடுதலாகவே ஓட்டுகிறார்கள் என்று மறுத்தார். சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்குப் பட்டது இவ்வளவுதான்: கொக்கியைப் பணத்தில் மாட்டினால் அது நம்மையே இழுத்துக்கொண்டு போகும். வேறெதிலாவது மாட்ட வேண்டும்.

நான் பூக்கார அம்மாவின் குரலில் மாட்டியிருக்கிறேன். ஆறு மணி வாக்கில் தெருமுனையில், "மல்லி... முல்லை..." என்று கேட்டதும் எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியத்தைப் பாதியில் விட்டு மடிக்கணினியை மூடிவிடுவேன். மேனேஜரும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நேற்று மழை. பூக்கார அம்மா வரவில்லை. ஒன்பதரை மணிக்கு அம்மா வந்து எட்டிப் பார்த்து, "இன்னும் என்னடா?" என்றார். பிறகு, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், ஒரு கண் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.